ஸ்பீக்கர் பார்த்துக் கொடுத்தவர்

அவர் நம்மோடு பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டார். வாயைத்தான் பார்ப்பார். அதுவும் சும்மா பார்வை இல்லை, பல்லிடுக்கில் என்ன சிக்கியிருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். எனக்கு அவரை முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கு யாரையுமே முதல் நாள் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் பருப்பு வாங்கினால் மூட்டைக்குள் கையை விட்டு அடியில் கிளறிப் பார்த்துத்தான் வாங்குவேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று வந்தால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று இரண்டு தடவை கேட்பேன். இரண்டு தடவையும் ஒரே பக்கத்தைக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவேன்.

கேகாலைக்கு மேலே, ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் கலந்த தோட்டம் எங்களுடையது. அங்கே அவருக்கு இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்கு, மற்றது சும்மா. சம்பளத்துக்கு ஸ்டோரில் ரோலர் ஓட்டினார். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தோட்டத்துத் தொழிற்சாலையை. உறைந்த ரப்பர் பாலைப் பெண்கள் இரண்டு கையாலும் ரோலருக்குள் தள்ளுவார்கள். அது நசுங்கி மறுபக்கம் நீளமாக வெளியே வரும். ரோலரை ஓடவிடுகிற, நிறுத்துகிற கைப்பிடி அவரிடம். ஆபத்து என்றால் இழுக்க ஒரு கயிறு முன்பு மேலே இருந்ததாம். அறுந்த பிறகு யாரும் கட்டவில்லை. ஆகவே ஒரு விரல் உள்ளே போனால் அந்த மெஷினை நிறுத்த இருந்த ஒரே ஆள் அவர்தான்.

பால் தள்ளுகிற பெண்களில் என் தங்கையும் ஒருத்தி. அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். நான் படித்து டீச்சரானேன், அவளுக்குப் படிப்பு ஏறவில்லை. அவளுடைய பத்து விரலும் காலையிலிருந்து சாயந்தரம் வரை அந்த மனிதரை நம்பியிருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நான் நினைத்ததும் செய்ததும் எல்லாம் அந்த விரல்களுக்குப் பயந்துதான்.

சும்மா செய்த வேலை, ஸ்பீக்கர் பார்த்துக் கொடுப்பது. எங்கள் தோட்டத்தில் யார் பாட்டுப் பெட்டி வாங்கினாலும் அவர் கூடப் போகாமல் வாங்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற மாதிரி அவருக்கு லீவு இருக்கிற நாள் பார்த்துப் புறப்படுவார்கள். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். அதில் ஒரு நாதஸ்வரம், ஒரு பெண் குரல், எங்கள் கோயில் திருவிழாவில் அவரே பதிந்து வைத்த தப்பு மேளம். கடையில் இந்த மூன்றையும் போடச் சொல்வார். பாடுகிற பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பிறகு குனிந்து, மேலே கூரான சத்தம் வருகிற சின்ன ட்வீட்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டு போய் ஒட்டுகிற மாதிரி வைப்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி இருக்கும். கடையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர். பெட்டியில் அச்சடித்திருக்கிற வாட்ஸ் கணக்கை நம்பக்கூடாது என்பார். கையில் தூக்கிப் பார்க்கச் சொல்வார், விரலால் பக்கத்துப் பலகையைத் தட்டச் சொல்வார், டொக் என்று வெற்றுத் தகரம் மாதிரி சத்தம் வந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு நடப்பார். சுவரோடு ஒட்டி வைக்காதீங்க, ஒரு சாண் தள்ளி வைங்க என்பார். ஒன்றை அலுமாரி மேலும் ஒன்றைக் கட்டில் அடியிலும் வைக்கிற வீடுகளில் அவரே ஏறி இறங்கி, இரண்டையும் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். ஒரு வாய் டீ கொடுத்தால் குடிப்பார். வேறு எதுவும் வாங்கமாட்டார்.

இங்கேதான் எனக்கு மூக்கு வியர்க்கும். ஒரு மனிதன் தன் லீவு நாளை அடுத்தவன் பாட்டுக் கேட்பதற்காக ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. போன் அடித்தால் எடுக்கமாட்டார். எழுதி அனுப்புங்க என்று பதில் எழுதுவார். அப்படி என்ன ரகசியம்? பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். தலைக்கனம் என்றார்கள். ஒரு தடவை பால் தள்ளுகிற ஒருத்தியின் கையுறை நுனி ரோலரில் அகப்பட்டது. அவள் கத்த வாயைத் திறப்பதற்குள் மெஷின் நின்றுவிட்டது. ஸ்டோரில் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கோ, கத்தாமல் இவருக்கு எப்படித் தெரிந்தது, அப்படியானால் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றியது.

கொரோனா வந்தது. எல்லோரும் மாஸ்க் போட்டோம். மனிதர் குணமே மாறிப்போனது. யாரோடும் பேசுவதில்லை. பேசினால் எரிந்து விழுந்தார். பிரட்டுக் களத்தில் காலையில் பெயர் பதியும்போது அவரைக் கூப்பிட்டால் சும்மா நிற்பார், பக்கத்தில் நிற்கிறவர் தட்ட வேண்டும். ஸ்டோருக்குள்ளே அவர் பெண்களிடம் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார் என்று என் தங்கை வந்து சொன்னாள்.

"மாஸ்க்க எறக்கிட்டு வேல செய்யு புள்ள, மொகம் தெரியட்டும்னு சொல்றாருக்கா. மாத்தயா போடச் சொல்றாரு, இவரு கழட்டச் சொல்றாரு."

மாத்தயா என்றது ஸ்டோர் பொறுப்பதிகாரியை. முகம் தெரியட்டும் என்ற சொல் என் காதில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஐம்பது வயது ஆளுக்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் முகம் எதற்குத் தெரிய வேண்டும்?

இவ்வளவு சந்தேகத்தையும் வைத்துக்கொண்டு நானே அவரை ஸ்பீக்கர் பார்க்க அழைத்துப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். எங்களுக்குத் தனி வீடு கிடைத்திருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் இருந்தவரை ரேடியோவைக்கூட நெஞ்சோடு அணைத்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு காம்பரா தள்ளி இருமுவார்கள். புது வீட்டில் புத்தகம் அடுக்க ஒரு மர ராக்கை அடித்தேன். அதன் மேல்தட்டில் இரண்டு நல்ல சின்ன ஸ்பீக்கர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்க வேண்டும் என்பது டீச்சர் டிரெய்னிங் காலத்து ஆசை. அங்கே விடுதி வார்டன் அறையில் அப்படி ஒரு ஜோடி இருந்தது. பாடுகிற அம்மா மூச்சு எடுக்கிறது கூடக் கேட்கும். வாசலில் நின்றே கேட்டிருக்கிறேன். ஆகவே பொருள் நன்றாக வர வேண்டும் என்ற ஆசை சந்தேகத்தை ஜெயித்தது. தங்கையையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக மாவனல்லைக்குப் போனோம். பஸ்ஸில் அவரை எங்களுக்கு முன் சீட்டில் உட்கார வைத்தேன். முதுகு என் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கடைக்கார நானா, முஸ்லிம் ஆள், நல்ல சிரித்த முகம், மாஸ்க் தாடையில்தான் தொங்கும். இரண்டு ஜோடியை எடுத்து வைத்தார். முதல் ஜோடியைப் போட்டதும் எனக்கு உடம்பு தளர்ந்தது. குரல் உருண்டு, திரண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வார்டன் அறை நினைவுக்கு வந்தது. இதுதான் என்றேன். எங்கள் ஆள் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சட்டியில பாடுற மாதிரி மூடியிருக்கு டீச்சர் என்றார். இரண்டாவது ஜோடியைப் போடச் சொன்னார். அது கூர்மையாக இருந்தது. தாளம் ஊசி மாதிரி வந்து குத்தியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ட்வீட்டரில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, டீச்சர், மாஸ்க்க எறக்கிட்டுச் சொல்லுங்க, எது நல்லாயிருக்கு என்றார்.

என்னிடமும் ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு உள்ளங்கால் வரை சுட்டது. மாஸ்க்கை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டு, எனக்கு முதல் ஜோடிதான் பிடித்தது என்றேன். அவர் என் மாஸ்க்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நானாவிடம் திரும்பி, டீச்சருக்கும் இதுதான் புடிச்சிருக்காம், கட்டுங்க என்று இரண்டாவது ஜோடியைக் காட்டினார். இப்படி ஒரு அடாவடியா! சண்டை போட்டிருக்கலாம். ஆனால் தோட்டம் முழுக்க இவரை நம்புகிறது, நமக்கு என்ன தெரியும் என்று ஒரு சின்னத் தயக்கம். நானாவும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டினார். அந்த மௌனத்தையும் குறித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் உள்ளே ஏதோ ஏற்பாடு இருக்கிறது, விற்காத சாமானை எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

வீட்டில் அவரே வந்து ராக்கையில் வைத்தார். சாண் அளந்தார், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தங்கை டீ கொண்டு வந்து கொடுத்தாள். அவள் ஏதோ கேட்டாள், இவர் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே சீனி போதும் புள்ள என்றார். அவர் போன பிறகு பாட்டைப் போட்டேன். ஸ, ஷ வருகிற இடமெல்லாம் பாம்பு சீறியது. ஜால்ரா பல்லைக் கூசச் செய்தது. இரண்டு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை, தலைவலி வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டுப் பாட்டும் இப்படித்தான் கீச்சிடும். லயம் லயமாக, கோயில் உட்பட, எல்லாம் இவர் பார்த்துக் கொடுத்தது. நாங்கள் அதற்குப் பழகி, கீச்சிட்டால்தான் தெளிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே வாரம் தங்கை சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்ன என்றேன்.

"அவரு நாள் பூரா எங்களயே பாக்குறாருக்கா. கண்ண எடுக்க மாட்டேங்குறாரு. சீலை வெலகியிருக்கான்னு எனக்கே சந்தேகமா வருது."

மற்றப் பெண்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். வயதானவர்கள் மட்டும் அவர் எப்போதும் அப்படித்தான், தப்பான ஆள் இல்லை என்றார்களாம். தப்பான ஆள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவான்? மறுநாள் காலை பிரட்டுக் களத்து மூலையில் தொழிற்சங்கத் தலைவரைப் பிடித்தேன். எங்கள் வழக்கம் அது, எந்தப் புகாரும் தலைவர் வழியாகத்தான் மேலே போகும். ரோலர்க்காரர் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல தூரம். ஆகவே நான் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தலைவரிடம் மெல்லச் சொன்னேன். இந்த ஆளு சரியில்லை, பொம்பளப் பிள்ளைங்களத் தின்னுற மாதிரி பாக்குறான், கை வைக்கிறதுக்கு முந்தி ஏதாவது செய்யணும் என்றேன். கிசுகிசுத்ததால் சொல்லில் எந்தத் தயவும் வைக்கவில்லை. அவர் சுவரை விட்டு விலகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் நடந்து போனார்.

கடிதத்தை நானே எழுதினேன். தமிழில் ஒன்று, மாத்தயாவுக்குச் சிங்களத்தில் ஒன்று. நான் நன்றாக எழுதுவேன். மாஸ்க் கழற்றச் சொன்னது, நாள் முழுக்க வெறித்துப் பார்ப்பது, இளம் பிள்ளைகளின் மனநிலை, எல்லாம் போட்டேன். ஒரு பல்பு மாற்ற மாதக்கணக்கில் யோசிக்கிற தோட்டம், இதற்கு மட்டும் இரண்டே நாளில் வேலை செய்தது. கைப்பிடிக்கும் பெண்கள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரத்தை அடித்துவிட்டார்கள். தண்ணீர் தெறிக்காமல் இருப்பதற்கு என்று சொன்னார்களாம். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

தகரம் அடித்த அன்றே அவர் ரோலர் வேலையை விட்டுவிட்டார். மாத்தயாவிடம் போய், மட்ட பே மாத்தயா, என்னால் முடியாது என்று சிங்களத்தில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, வெளியே பால் தொட்டி கழுவுகிற வேலைக்கு மாறிக்கொண்டார். அது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். ரோலருக்கு வேறு ஒரு ஆள் வந்தான்.

தோட்டமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பார்க்க முடியாது என்றதும் வேலையே வேண்டாமாம், பார்த்தீர்களா என்று நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று சொன்னேன். எல்லோரும் ஆமா டீச்சர் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரை ஸ்பீக்கர் பார்க்கக் கூப்பிடவில்லை. நான் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மிச்சம் இருந்தது கடைக்காரக் கணக்கு. கையும் களவுமாகப் பிடித்து, ஸ்பீக்கரையும் மாற்றிக்கொண்டு வரலாம் என்று அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாவனல்லைக்குத் தனியாகப் போனேன். நானாவின் முன்னால் வைத்து, அவருக்கு எவ்வளவு கமிஷன் கொடுக்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டேன். அவருடைய சிரித்த முகம் மாறிவிட்டது.

கமிஷனா, அந்த மனிதன் என் கடையில் ஒரு பிளேன்டீ குடித்ததில்லை என்றார். பெட்டியைத் திறந்து பார்த்தார். நீங்கள் முதலில் ஆசைப்பட்டதுதான் நல்ல ஜோடி, எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். அப்படியானால் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று சீறினேன். அவர் வாசலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"அவர்ட மொகத்துக்கு முன்னுக்கு எப்பிடி டீச்சர் செல்ற? அவருக்குக் காது கேக்கியல்ல. நீங்க தெரியாவா?"

நானா நிதானமாக விளக்கினார். தன் வாப்பா, அப்பாதான், அரிசி மில்லில் இருந்தவராம். வருஷக்கணக்கில் மெஷின் பக்கத்தில் நின்றால் முதலில் மெல்லிய, கூரான சத்தங்கள்தான் போகுமாம். வாப்பாவும் கடைசிக் காலத்தில் வாயைப் பார்த்துத்தான் பேச்சை விளங்கிக்கொள்வாராம். எங்கள் ஆள் முதல் தடவை கடைக்கு வந்தபோது காதுக்குப் பக்கத்தில் போன் அடித்தும் திரும்பவில்லை, அப்போதே பிடித்துவிட்டேன் என்றார் நானா. தட்டினால் வருகிற கனமான சத்தம் அவருக்குக் கையில் தெரியும், மேல் சத்தம் ரொம்பக் கூராக இருந்தால்தான் கொஞ்சமாவது எட்டும், எட்டுகிறதைத்தான் நல்லது என்று எடுத்துக் கொடுக்கிறார், வாங்கிப் போகிறவர்களும் சந்தோஷமாகத்தானே போகிறார்கள் என்றார்.

ஸ்பீக்கரை மாற்றித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. காது கேட்கிற ஆள் ரோலர் கைப்பிடியில் நின்றால் அங்கே இங்கே பார்க்கலாம், வெற்றிலை போடலாம், பக்கத்தில் இருப்பவனோடு கதைக்கலாம். கத்தினால் நிறுத்திவிடலாம். இவரால் அது முடியாது. ஆகவே காலையிலிருந்து சாயந்தரம் வரை என் தங்கை கையையும் வாயையும் விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. எத்தனை வருஷம், எத்தனை பெண்கள், ஒரு விரல் போகவில்லை. மாஸ்க் போட்டபோது அவருக்குப் பாதிப் பார்வை போனது, இறக்கச் சொன்னார். மிச்சப் பாதியை நான் நல்ல தமிழில் கடிதம் எழுதித் தகரம் அடித்து மறைத்தேன்.

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிரட்டுக் களத்தில் நான் மாஸ்க்கை இறக்கிக் கிசுகிசுத்தேனே, அவர் எதிரே நின்றார். தூரத்தில் நின்றால் கேட்காது என்று நினைத்தது நான். அவருக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. தின்னுற மாதிரி பாக்குறான் என்று நான் சொன்னது, அவன் இவன் என்றது, எல்லாம் பக்கத்தில் நின்ற தலைவரைவிட அவருக்குத்தான் நன்றாக விளங்கியிருக்கும். குழாயடியிலும் மாஸ்க் இல்லாமல்தான் பேசினேன், அவர் தொட்டியடியிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் தகரம் அடித்த நாள் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். அவள் யோசித்துச் சொன்னாள்.

"மெஷின ஓட விட்டாரு. ஒடனே நிப்பாட்டுனாரு. தகரத்துக்கு இந்தப் பக்கம் வந்து எங்க எல்லாத்தையும் எண்ணுன மாதிரி பாத்தாரு. மறுபடி போய் ஓட விட்டாரு, மறுபடி நிப்பாட்டுனாரு. மூணு தடவ. நாங்க சிரிச்சோம். அப்பறம் கைப்புடியத் தொடச்சி வச்சிட்டுப் போயிட்டாருக்கா."

மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் தகரத்துக்கு மறுபக்கம் அவள் விரல் ரோலர் வாயருகே இருந்திருக்கிறது, பார்த்து நிறுத்த ஒருத்தரும் இல்லாமல். அதைத் தாங்க முடியாமல்தான் அவர் போயிருக்கிறார். காது கேட்காது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தோட்டத்து வேலை முழுக்கப் போயிருக்கும், அவருடைய மகளுக்குக் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சொல்லாமல் அங்கேயே நின்றிருந்தால் விரல் போயிருக்கும். கெட்ட பெயரை எடுத்துக்கொண்டு தொட்டி கழுவப் போய்விட்டார். நான் தங்கையின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னக்கா பைத்தியமா என்றாள்.

அவர் இப்போது தோட்டத்தில் இல்லை. மகள் கல்யாணம் முடிந்ததும் அவளோடு போய்விட்டார். போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாஸ்க் காலம் முடிந்திருந்தது. கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா. வாசலில் குந்தி உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்து, வாங்க டீச்சர் என்று எழுந்தார். தொட்டித் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் சிதறிவிட்டது. வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தலை தானாகக் குனிந்தது. முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டேன், அழுதுவிடக்கூடாது என்று. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியது நான்தான் என்று சொன்னேன். தலைவரிடம் சொன்னதும் நான்தான், குழாயடியில் பேசினதும் நான்தான், என் தங்கை விரலை இத்தனை நாளும் காப்பாற்றினது நீங்கதான், எனக்குத் தெரியாமல் போச்சுங்க அண்ணே, மன்னிச்சிருங்க என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

நிமிர்ந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் முந்தானை மறைத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கை தானாக இறங்கியது. அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கவலை மட்டும் இருந்தது.

"என்னங்க டீச்சர், ஸ்பீக்கரு சரியா பாடலையா?"

கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார். இப்போது ஒரு தடவை சொன்னால் போதும், ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் போய்ச் சேரும். அவர் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

"நல்லா பாடுதுங்க அண்ணே" என்றேன்.